பழுப்பு மையைப் பிரித்துப் பார்ப்போம்

நேற்று இரவு ட்யூப்லைட் வெளிச்சத்தில் ஒரு தாளை விரித்து, ஏழு பழுப்பு மைகளைப் பஞ்சுக்குச்சியால் தொட்டுப் பட்டை பட்டையாகப் பூசி வைத்தேன். மூன்றாவதும் ஐந்தாவதும் ஒரே புட்டியிலிருந்து எடுத்தவை போல இருந்தன. பெயர் வேறு, விலை வேறு, செய்த தேசம் வேறு; நிறம் மட்டும் ஒன்று. இரண்டில் ஒன்றை யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று எண்ணியபடி படுத்தேன். காலையில் தாளை மொட்டைமாடிக்கு எடுத்துப் போனால், மூன்றாவது பட்டை சூளையில் வெந்த செங்கல் போலச் சிவந்து கிடக்கிறது. ஐந்தாவது, வேப்பம்பட்டையின் சாம்பல் பூத்த பழுப்பு. பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலும் உறவு சொல்ல முடியாது.

நீல மை வாங்குகிறவருக்கு இந்தச் சிக்கல் இவ்வளவு கடுமையாக வராது. கறுப்பு வாங்குகிறவருக்கு அனேகமாக வரவே வராது. பழுப்பு மட்டும் விளக்குக்கு விளக்கு, தாளுக்குத் தாள், நிப்புக்கு நிப்பு ஆள் மாறுகிறது. ஏன் மாறுகிறது என்பது புரிந்துவிட்டால், எந்தப் புட்டியை வாங்குவது என்ற கேள்விக்கும் பாதி விடை கிடைத்துவிடும்.

வானவில்லில் இல்லாத நிறம்

வானவில்லில் பழுப்பைத் தேடிப் பாருங்கள், கிடைக்காது. பழுப்புக்கென்று தனி அலைநீளம் கிடையாது. பழுப்பு ஒளி என்று ஒன்றும் கிடையாது. பழுப்பு விளக்கு விற்கும் கடையை நீங்கள் பார்த்திருக்கவும் முடியாது.

அப்படியானால் நாம் பார்ப்பது என்ன? ஆரஞ்சு. சுற்றியிருக்கும் வெளிச்சத்தோடு ஒப்பிட மங்கலாகத் தெரியும் ஆரஞ்சுக்குத்தான் நம் மூளை பழுப்பு என்று பெயர் வைக்கிறது. கணினித் திரையில் ஆரஞ்சு நிறத்துக்குச் சிவப்பு 255, பச்சை 128, நீலம் 0 என்று எண் கொடுப்பார்கள். பழுப்புக்கு 150, 75, 0. இரண்டிலும் சிவப்பு ஏறத்தாழ இரண்டு பங்கு, பச்சை ஒரு பங்கு. விகிதம் மாறவில்லை, வெளிச்சம் மட்டும் குறைந்திருக்கிறது.

வார்த்தையை நம்ப வேண்டாம், செய்து பார்க்கலாம். கறுப்பு சார்ட் பேப்பரைக் கட்டைவிரல் தடிமனுக்கு ஒரு சாண் நீளக் குழாயாகச் சுருட்டிக்கொள்ளுங்கள். வெள்ளைத் தாளில் பழுப்பு மையை ஒரு தீப்பெட்டி அளவுக்குப் பூசி உலர விடுங்கள். இரவில் அறை விளக்குகளை அணைத்துவிட்டு, மேசை விளக்கின் ஒளி மட்டும் அந்தப் பட்டையின் மேல் விழும்படி திருப்புங்கள். ஒரு கண்ணை மூடி, மறு கண்ணில் குழாயை வைத்து, வெள்ளைத் தாள் துளிகூடத் தெரியாமல் பட்டை மட்டும் தெரியும்படி பாருங்கள். குழாயின் நிழல் பட்டையில் விழாமல் சற்றுத் தள்ளிப் பிடிக்க வேண்டும். சில விநாடிகளில் பழுப்பு அவிழ்ந்துவிடும். ஆரஞ்சுச் சுளை ஒன்று இருட்டில் ஒளிர்வது போலத் தெரியும். குழாயை விலக்கினால் பழையபடி பழுப்பு. மை மாறவில்லை, விளக்கும் மாறவில்லை. பக்கத்தில் வெள்ளை இருந்தது, இல்லாமல் போனது, அவ்வளவுதான். முதல்முறை இதைச் செய்தபோது குழாயை ஏழெட்டுத் தடவை வைத்தும் எடுத்தும் பார்த்தேன். இப்போதும் யார் வீட்டுக்கு வந்தாலும் செய்து காட்டுகிறேன்.

மை வாங்குகிறவருக்கு இதில் ஒரு நேரடிப் பாடம் இருக்கிறது. பழுப்பு மையின் நிறத்தில் பாதி, தாளின் வெள்ளையில் இருக்கிறது. பளிச்சென்று தெரிவதற்காக இன்றைய வெள்ளைத் தாள்களில் ஒரு வேதிப்பொருள் சேர்க்கிறார்கள். அது கண்ணுக்குத் தெரியாத புற ஊதா ஒளியை வாங்கி நீலமாக உமிழும். அந்தத் தாளில் பழுப்பு மை இருண்டு, வெட்டி வைத்தாற்போல நிற்கும். அதே மையைச் சந்தன நிறத் தாளில் எழுதினால் எழுத்தும் தாளும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் போலச் சேர்ந்துவிடும். மிக மெல்லிய நிப்பில் இன்னொரு மாற்றம்: கோடு ஒல்லி, மையும் கொஞ்சம், அதனால் பழுப்பு என்று வாங்கிய மை ஆரஞ்சாகவே எழுதும். கடைக்காரர் ஏமாற்றவில்லை, இருட்டுவதற்குப் போதுமான மை தாளில் இறங்கவில்லை.

தேநீர், காப்பி, கஷ்கொட்டை

பழுப்பு என்ற நம் சொல் பழுத்த இலையிலிருந்து வந்தது. பச்சை வடிந்து மஞ்சளாகி, மஞ்சள் காய்ந்து கறுக்கும் அந்தப் பாதை முழுவதற்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டிருக்கிறோம். இந்தக் குறை தமிழுக்கு மட்டும் உரியதன்று. பிரெண்ட் பெர்லினும் பால் கேயும் 1969இல் வெளியிட்ட ஆய்வில், மொழிகள் நிறப்பெயர்களை ஒரு வரிசைப்படி சேர்த்துக்கொள்கின்றன என்றார்கள். கறுப்பும் வெள்ளையும் முதலில், பிறகு சிவப்பு, அதன்பின் பச்சையும் மஞ்சளும், பிறகு நீலம். பழுப்புக்கு ஏழாவது இடம். மண்ணும் மரமும் தோலும் தானியமும் நிறைந்த உலகில் இந்த நிறத்துக்குத் தனிப்பெயர் இவ்வளவு தாமதமாக வருவது எனக்கு இன்னும் வியப்பாகவே இருக்கிறது.

ஜப்பானியர் பழுப்பைத் தேநீர் நிறம் என்றே சொல்கிறார்கள். எடோ காலத்தில் நகர வணிகர்கள் ஆடம்பர வண்ணங்களை உடுத்தக் கூடாது என்று அரசு கட்டுப்பாடுகள் விதித்தது. நெசவாளர்களும் சாயமேற்றுவோரும் அனுமதிக்கப்பட்ட பழுப்பு, சாம்பல் நிறங்களுக்குள்ளேயே நுட்பத்தைக் காட்டத் தொடங்கினார்கள். ‘நாற்பத்தெட்டுத் தேநீர் நிறம், நூறு எலி நிறம்’ என்ற வழக்கு அப்படிப் பிறந்தது. பச்சை ஓடிய ஒரு பழுப்புக்குத் தேநீர்க் கலை ஆசான் சென் நோ ரிக்யூவின் பெயர். வேறு சில பழுப்புகளுக்குக் கபுகி நடிகர்களின் பெயர். தடை போட்ட இடத்தில்தான் பழுப்பின் அகராதி செழித்திருக்கிறது.

இன்றைய மைப்புட்டிகளும் அந்த வழியில்தான் பெயர் பெறுகின்றன. பைலட் நிறுவனம் 2007இல் தொடங்கிய ‘இரோஷிசுகு’ மை வரிசையில் ‘யாமாகுரி’ என்றால் மலைக் கஷ்கொட்டை. பாரிஸின் ஜே. ஹெர்பின், 1670இல் தொடங்கிய பழைய நிறுவனம். அதன் ‘லீ த தே’ என்ற மையின் பெயருக்குத் தேநீர் வண்டல் என்று பொருள். அதே நிறுவனத்திடம் தீவுக் காப்பியும் பிரேசில் கோக்கோவும் உண்டு. 1864இல் தொடங்கிய இங்கிலாந்தின் டயமைன் நிறுவனம் சாக்லேட், குதிரைச் சேணம், பழஞ்செம்பு என்று பெயர் வைக்கிறது. யாமாகுரி இருண்டது, ஊதா நிழல் தட்டுவது. லீ த தே மஞ்சளும் லேசான பச்சையும் சாய்ந்தது. பழஞ்செம்பு பெயருக்கேற்பச் சிவந்தது. மூன்றும் கடையில் பழுப்பு என்ற ஒரே அலமாரியில் இருக்கும்.

எனக்கு இந்தப் பெயர்கள் பிடிக்கும். ஆனாலும் ஒப்பிடும்போது நம் வீட்டுப் பொருள்களையே அளவுகோலாக வைத்துக்கொள்ளச் சொல்வேன். கஷ்கொட்டையைக் கண்ணால் பார்க்காதவருக்கு அந்தப் பெயர் ஒன்றும் சொல்லாது. கருப்பட்டி, பழம்புளி, கடுக்காய்த் தோல், தவிடு, செம்மண், தேக்குப் பலகை என்று சொல்லுங்கள்; எது சிவப்பை நோக்கிச் சாய்கிறது, எது மஞ்சளை நோக்கி, எது சாம்பலை நோக்கி என்று உடனே தெரிந்துவிடும். பழுப்பு மையிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி அதுதான்: எந்தப் பக்கம் சாய்கிறாய்?

பழங்கடிதங்கள் ஏன் பழுப்பு

பழைய கையெழுத்துப் பிரதிகளைப் பார்த்துப் பழுப்பு மையின் மேல் ஆசைப்பட்டவர்கள் நம்மில் ஏராளம். நானும் அப்படித்தான் இந்தப் பக்கம் வந்தேன். அந்த எழுத்துகளில் பெரும்பாலானவை கறுப்பாக எழுதப்பட்டவை என்பது பிறகு தெரிந்தது.

ஐரோப்பாவில் நூற்றாண்டுக் கணக்கில் புழங்கியது இரும்பு மை. ஓக் மரத்தில் ஒரு சிறு குளவி முட்டையிட்டால் அந்த இடத்தில் மரம் உருண்டையாகப் புடைத்துக்கொள்ளும். அந்தப் புடைப்பில் துவர்ப்புப் பொருளான டானின் செறிந்திருக்கும். அதை ஊறவைத்து வடித்து அன்னபேதி சேர்ப்பார்கள். அன்னபேதி என்று நாட்டுமருந்துக் கடையில் கேட்டால் பச்சைப் படிகமாகத் தருவார்களே, அது இரும்பு சல்ஃபேட். புதிதாக எழுதும்போது இந்த மை வெளிறித்தான் இருக்கும். காற்றிலுள்ள ஆக்சிஜன் பட்டதும் இரும்பு தன் நிலை மாறி, துவர்ப்பு அமிலத்தோடு பிணைந்து கறுத்துவிடும். நம் ஊரில் ஓக் இல்லை, கடுக்காய் இருக்கிறது. அதிலும் டானின் மிகுதி. கடுக்காயும் அன்னபேதியும் சேர்ந்தால் மை என்பது இந்தியாவின் பழைய அறிவு. கலம்காரித் துணியில் வரும் கறுப்புக் கோடும் இதே வேதியியல்தான்: துருப்பிடித்த இரும்பை வெல்லத் தண்ணீரில் புளிக்கவைத்த கரைசல், கடுக்காய் ஏற்றிய துணியைத் தொட்டவுடன் கறுக்கிறது. வீட்டில் பார்க்க வேண்டுமென்றால் கட்டந்தேநீரில் அன்னபேதியை ஒரு சிட்டிகை போடுங்கள். பொன்னிறம் கண்ணெதிரே கறுப்பாகும். அதைக் குடித்துவிடக் கூடாது.

அந்தக் கறுப்பு நிலைப்பதில்லை. பல பத்தாண்டுகளில், நூற்றாண்டுகளில் இணைப்பு சிதைந்து துருவின் பழுப்பு மேலே வருகிறது. மை செய்யும்போது உண்டாகும் அமிலம் தாளையும் தின்கிறது. பெர்லின் அரசு நூலகத்திலுள்ள, இசையமைப்பாளர் பாக்கின் இசைப்பிரதிகளில் சுரக்குறிகள் தாளை அரித்துத் துளையிட்டிருக்கின்றன. அவற்றைக் காப்பாற்றப் பெரும் பாடுபட்டார்கள். நாம் பழமையின் அழகு என்று ரசிக்கும் பழுப்பு, ஒரு மை மெல்லச் சாகும் நிறம்.

உண்மையாகவே பழுப்பாகப் பிறந்த பழைய மைகளும் உண்டு. எரிந்த விறகின் புகைக்கசடில் செய்த பிஸ்டர் ஒன்று. கணவாயிலிருந்து வரும் செப்பியா மற்றொன்று. மீன் சந்தையில் கணவாய் சுத்தம் செய்வதைப் பார்த்திருப்பீர்கள். கவனம் தவறினால் உள்ளே இருக்கும் மைப்பை உடைந்து பலகை முழுவதும் கறுப்பு வழியும். தண்ணீர் ஊற்ற ஊற்ற அந்தக் கறுப்பு ஓரங்களில் பழுப்பாக விரியும். அந்த விரியும் நிறம்தான் செப்பியா. கணவாய்க்குக் கிரேக்கப் பெயரும் அதுவே. நிறம் தருவது மெலனின், நம் தலைமுடிக்கு நிறம் தரும் அதே பொருள் வகை.

மெலனின் எவ்வளவு உறுதியானது என்பதற்கு ஒரு கதை போதும். இங்கிலாந்தின் லைம் ரீஜிஸ் கடற்கரையில் புதைபடிவங்களைத் தோண்டி எடுத்த மேரி ஆனிங்கும் அவர் தோழி எலிசபெத் ஃபில்பாட்டும், கணவாய்க்கு உறவான பழங்கால உயிரினங்களின் கல்லான மைப்பைகளைக் கண்டார்கள். அதை அரைத்துத் தண்ணீரில் குழைத்தால் மை வந்தது. 1833இல் ஃபில்பாட், இக்தியோசார் என்ற அழிந்துபோன கடல்வாழ் ஊர்வன இனத்தின் மண்டையோட்டை அந்த மையாலேயே வரைந்து ஒரு கடிதத்தில் அனுப்பினார். அழிந்த விலங்கின் படம், அது வாழ்ந்த காலத்துக் கடலின் மையில். 16 கோடி ஆண்டுப் பழமையான மைப்பையிலிருந்த மெலனின், இன்றைய கணவாயின் மெலனினோடு பெரிதும் ஒத்துப்போவதை 2012இல் வெளியான ஆய்வு காட்டியது.

ஆனால் அசல் செப்பியாவை மைப்பேனாவில் ஊற்றாதீர்கள். அது கரைசல் கிடையாது. தண்ணீரில் மிதக்கும் துகள். நிப்புக்கு அடியிலுள்ள துண்டில் தலைமுடியளவு பள்ளங்கள் இருக்கின்றன. பேனா எழுதுவதே அந்தப் பள்ளங்கள் வழியாக மை தானாக ஏறி இறங்குவதால்தான். துகள் போய் உட்கார்ந்தால் பேனா அடைத்துக்கொள்ளும். இன்று செப்பியா என்று பெயர் போட்டு விற்கும் மைப்பேனா மைகள் சாயக்கரைசல்கள். கணவாய்க்கும் அவற்றுக்கும் பெயரளவில்தான் உறவு. பிளாட்டினம் நிறுவனத்தின் ‘செப்பியா பிளாக்’ போன்ற சில மைகளில் இன்றும் இரும்பு இருக்கிறது. எழுதும்போது செப்பியா, ஆற ஆறக் கறுப்பை நோக்கிப் போகும். அவை பழுப்பு மை வேண்டுமென்பவருக்கு ஒரு நாள் பழுப்பைத்தான் தரும் என்பதைத் தெரிந்து வாங்க வேண்டும்.

காப்பி வடிகட்டியில் நடந்தது

1856இல் வில்லியம் பெர்க்கின் நிலக்கரித் தாரிலிருந்து ஊதாச் சாயம் கண்டார். சாய உலகமே புரண்டது. ஏழு ஆண்டுகளில், 1863இல், கார்ல் மார்ட்டியஸ் ஒரு பழுப்புச் சாயத்தை உருவாக்கினார். பிஸ்மார்க் பழுப்பு என்று இன்றும் ஆய்வுக்கூடங்களில் புழங்குகிறது. ஒற்றைச் சாயத்தில் பழுப்பு முடியும் என்பதற்கு அது சான்று. ஆனாலும் மை செய்பவர்கள் பெரும்பாலும் கலந்தே பழுப்பைச் செய்கிறார்கள். நீல ஒளியைப் பெரும்பகுதி விழுங்க ஒரு மஞ்சள், பச்சை ஒளியை ஓரளவு விழுங்க ஒரு சிவப்பு, மொத்தத்தையும் மங்கலாக்க ஒரு நீலமோ கறுப்போ. அளவை மாற்ற மாற்ற வேறு வேறு பழுப்பு.

எந்தப் புட்டியில் என்ன கூட்டு என்று நிறுவனங்கள் சொல்வதில்லை. நாமே கேட்டுவிடலாம். ரஷ்யத் தாவரவியலாளர் மிகயில் ட்ஸ்வெட், 1903இல் இலைச் சாயங்களைச் சுண்ணாம்புத் தூள் அடைத்த குழாயில் ஊற்றிப் பிரித்துக் காட்டினார். ரஷ்ய மொழியில் அவருடைய குடும்பப் பெயருக்கே நிறம் என்று பொருள். அவர் வைத்த பெயர் குரோமேட்டோகிராஃபி. பின்னாளில் ஆர்ச்சர் மார்ட்டினும் ரிச்சர்ட் சிங்கும் அந்த முறையை வளர்த்து 1952இல் நோபல் பரிசு பெற்றார்கள். தாளில் செய்யும் எளிய வடிவம் மார்ட்டின் குழுவினர் 1944இல் வெளியிட்டது. நமக்கு அது போதும்.

காப்பி வடிகட்டும் தாளை இரண்டு விரல் அகலத்துக்கு வெட்டுங்கள். அடியிலிருந்து ஒரு விரல் உயரத்தில் மையால் ஒரு சிறு பொட்டு. பொட்டு உலர்ந்ததும் தாளை ஒரு தம்ளரில் நிறுத்துங்கள். தண்ணீர் தாளின் அடியைத் தொட வேண்டும், பொட்டைத் தொடக் கூடாது. தண்ணீர் ஏறும். ஏறும் வழியில் பொட்டுக்குள் புகுந்து சாயங்களைத் தூக்கிக்கொண்டு போகும்.

நேற்றைய ஐந்தாவது மையை இன்று காலை இப்படி வைத்தேன். வெளியில் பார்த்தால் கருப்பட்டி நிறம். ஐந்து நிமிடத்தில் பொட்டின் மேல்விளிம்பு மஞ்சளாகக் கசிந்தது. பத்து நிமிடத்தில் உச்சியில் மெல்லிய நீலம், அதற்குக் கீழே எலுமிச்சை மஞ்சள், நடுவில் வாடாத ரோஜா நிறம். பொட்டு இருந்த இடத்தில் சாம்பல் கறை மட்டும் அசையாமல் நின்றது. பழுப்பு என்று சொல்ல அந்தத் தாளில் ஒரு புள்ளிகூட இல்லை. மூன்றாவது மையை வைத்தபோது வேறு காட்சி: ஆரஞ்சு ஒன்று ஓடியது, கறுப்பு ஒன்று தங்கியது, அவ்வளவுதான்.

காலையில் மாடியில் கண்டதற்கு விளக்கம் இங்கே இருக்கிறது. வெயிலில் வானவில்லின் எல்லா நிறமும் தொடர்ச்சியாக உண்டு. ட்யூப்லைட்டில் அப்படி இல்லை. 436, 545, 611 நானோமீட்டர் அருகே நீலம், பச்சை, செம்மஞ்சள் என்று சில முகடுகளில்தான் பெரும்பகுதி ஒளி குவிந்திருக்கிறது. அந்த முகடுகளில் இரண்டு மைகளும் ஒரே அளவு ஒளியைத் திருப்பிவிட்டால் போதும், கண்ணுக்கு இரண்டும் ஒன்றாகிவிடும். இடைப்பட்ட அலைநீளங்களில் அவை எவ்வளவு வேறுபட்டாலும் அதைக் காட்ட அங்கே ஒளியே இல்லை. வெயில் வந்ததும் மறைந்திருந்த வேறுபாடு வெளியே வருகிறது. அதனால் பழுப்பு மைகளை ஒருபோதும் ஒரே விளக்கில் ஒப்பிட்டு முடிவு செய்யாதீர்கள். செல்போன் படத்தைப் பார்த்து முடிவு செய்வது இதைவிட மோசம். கேமரா வெள்ளையைத் தன் கணக்குக்குத் திருத்திக்கொள்கிறது; வெள்ளை நகர்ந்தால் பழுப்பும் நகர்ந்துவிடும் என்பதைத்தான் குழாய்ச் சோதனையில் பார்த்தோமே.

வடிகட்டித் தாள் இன்னொன்றும் சொல்கிறது. தண்ணீரோடு ஓடிப்போன சாயங்கள் தண்ணீரை நேசிப்பவை. அசையாமல் நின்றது தாளின் செல்லுலோஸைப் பற்றிக்கொள்வது. கடிதத்தின் மேல் மழைத்துளி விழுந்தால் ஓடுவது எது, நிற்பது எது என்பதை அந்தத் துண்டுத்தாள் முன்கூட்டியே காட்டிவிடுகிறது. அடியில் ஒன்றும் தங்காத மையால் எழுதிய உறை, மழைக்காலத்தில் முகவரி இல்லாத உறையாகிவிடலாம். எனக்கு அப்படி ஒரு கடிதம் வந்திருக்கிறது. உள்ளே மஞ்சள் மேகம் போல ஒரு கறை, அதன் நடுவே சாம்பல் நிழலாய் நண்பரின் எழுத்து. படிக்க முடிந்தது, சாம்பல் தங்கியிருந்ததால்.

தம்ளரில் தேநீர்

பழுப்பு மையை விரும்புகிறவர்கள் பெரும்பாலும் அதன் ஏற்ற இறக்கத்தை விரும்புகிறவர்கள். ஒரே எழுத்துக்குள் தொடக்கம் பொன்னாகவும் முடிவு மரமாகவும் இருக்கும். ‘ற’ எழுதும்போது கடைசியில் பேனா கீழே இறங்கி நிற்கும் இடத்தில் மை குளமாகத் தேங்கி இருண்டுவிடும். நீல மையிலும் இது உண்டு; பழுப்பில்போல நிறமே மாறுவது அபூர்வம்.

கட்டந்தேநீரைக் கண்ணாடித் தம்ளரில் ஊற்றிப் பாருங்கள். அடியில் ஒரு விரற்கடை இருக்கும்போது பொன். நிறைய ஊற்றினால் சிவப்பு. தேநீர் ஒன்றுதான், ஆழம்தான் வேறு. ஒரு மெல்லிய மைப்படலம் சிவப்பு ஒளியில் 90 விழுக்காட்டையும் பச்சையில் 50ஐயும் நீலத்தில் 20ஐயும் விடுகிறது என்று வைத்துக்கொள்வோம். சிவப்பும் பச்சையும் நெருங்கி இருப்பதால் கண்ணுக்கு அது மஞ்சள் கலந்த பொன். படலம் நான்கு மடங்கு தடித்தால் கூட்டல் கணக்கு செல்லாது, பெருக்கல் கணக்குதான். சிவப்பு 66க்கு இறங்கும், பச்சை 6க்கு, நீலம் ஏறக்குறைய ஒன்றுமில்லை. முதலில் சிவப்பு பச்சையைப்போல இரண்டு மடங்குகூட இல்லை. இப்போது பத்து மடங்குக்கு மேல். பொன் செம்பழுப்பாகிவிட்டது. சாயத்தை மாற்றவில்லை, தடிமனை மட்டுமே மாற்றினோம்.

மை தேங்குவதற்குத் தாள் இடம் கொடுக்க வேண்டும். பசை ஏற்றிய வழவழப்பான தாளில் மை மேலேயே நின்று உலர்கிறது. அங்கே ஏற்ற இறக்கம் முழுதாகத் தெரியும். மலிவான நோட்டுத் தாளில் மை விழுந்தவுடன் நாருக்குள் ஊறிப் பரவிவிடும். படலம் எங்கும் ஒரே தடிமன், நிறமும் ஒரே மந்தம். சொட்டு உலரும்போது விளிம்பில் கருவளையம் விழுவதையும் கவனித்திருப்பீர்கள். காப்பிக் கறைக்கு ஏன் ஓரம் கறுக்கிறது என்பதைச் சிகாகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ராபர்ட் டீகனும் குழுவினரும் 1997இல் விளக்கினார்கள். சொட்டின் விளிம்பு தாளில் ஒட்டி நகராமல் நிற்கிறது, அங்கே நீர் வேகமாக ஆவியாகிறது, அந்த இழப்பை ஈடுகட்ட நடுவிலிருந்து திரவம் ஓரத்துக்கு ஓடுகிறது, கூடவே நிறத்தையும் கொண்டுபோய்க் கொட்டுகிறது. வழவழப்பான தாளில் பழுப்பு எழுத்தின் ஓரம் கோடு போட்டாற்போல இருண்டிருப்பதிலும் இந்த ஓட்டத்துக்குப் பங்கு உண்டு.

ஆகவே மையை மட்டும் தனியாக ஒப்பிட முடியாது. நீங்கள் தினமும் எழுதும் தாள், தினமும் எழுதும் பேனா, இவற்றோடு சேர்த்தே ஒப்பிட வேண்டும். மை தாராளமாக இறங்கும் பேனாவில் லீ த தே போன்ற வெளிர்ந்த பழுப்பு அழகாக எழுதும். அதே பேனாவில் யாமாகுரி கறுப்புக்குப் பக்கத்தில் போய் நிற்கும். மை சிக்கனமாக இறங்கும் மெல்லிய நிப்புக்கு இருண்ட மையே சரி. ஈரமாக இருக்கும்போது எந்த மையும் இருண்டுதான் தெரியும், ஒரு நாள் கழித்துப் பார்த்தால்தான் உண்மை நிறம். இந்தச் சிறு விதிகளைக் கடைப்பிடித்தாலே பாதிப் புட்டிகள் வாங்காமல் மிச்சமாகும்.

வெளிச்சம் தின்னும் மை

கடைசியாக, நிலைப்பு. பழுப்பு கூட்டு நிறம் என்பதால் அது மங்கும்போது நிறம் மாறியே மங்குகிறது. கூட்டில் வெயிலைத் தாங்காத சாயம் முதலில் போகும், மற்றவை தங்கும். நீலம் போனால் ஆரஞ்சு மிஞ்சும். மஞ்சள் போனால் ஊதா தட்டும். எதிர்த்திசையிலும் நடந்திருக்கிறது. வான்கோ 1888இல் ஆர்ல் நகருக்கு அருகே மோன்மஜூரில் வரைந்த கோட்டோவியங்கள் சிலவற்றில் ஊதா அனிலின் மை பயன்படுத்தினார். அந்த ஊதா இன்று பழுப்பாகிவிட்டது. அவர் தேர்ந்தெடுக்காத நிறத்தில் அவர் ஓவியத்தை நாம் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

நாட்குறிப்பும் கடிதமும் மூடியே கிடப்பவை, அவற்றுக்குச் சாய மை போதும். சுவரில் மாட்டும் எழுத்துக்குச் சாய மை வேண்டாம். பேனாவுக்கென்றே நுண்ணியதாக அரைத்த நிறமித் துகள் மைகள் வந்துவிட்டன, அவற்றை ஊற்றிய பேனாவை உலர விடாமல் அடிக்கடி கழுவிக்கொண்டால் போதும். இரும்பு மை நீர் பட்டாலும் நிற்கும், ஆனால் அமிலம்; பழைய எஃகு நிப்புப் பேனாக்களில் அதை ஊற்றி மாதக்கணக்கில் விட்டுவைக்க நான் துணியமாட்டேன். எந்த மையையும் இன்னொன்றோடு பேனாவுக்குள் கலக்காதீர்கள். ஒன்று அமிலம், மற்றது காரம் என்றால் சாயம் திரிந்து வண்டலாகிவிடும்.

என் தீர்ப்பைக் கேட்டால், சந்தன நிறத் தாளும் நடுத்தர நிப்பும் வைத்திருப்பவர் மஞ்சள் பக்கம் சாய்ந்த பழுப்பை எடுக்கலாம். ஏற்ற இறக்கத்தின் முழு இன்பமும் அதில்தான். வெள்ளைத் தாளில் மெல்லிய நிப்பால் நாள் முழுவதும் எழுதுபவர் சாம்பல் பக்கம் சாய்ந்த இருண்ட பழுப்பை எடுக்க வேண்டும், கண் களைக்காது. சிவப்புப் பக்கம் சாய்ந்தது தலைப்புக்கும் திருத்தத்துக்கும் நல்லது, பக்கம் பக்கமாக எழுத ஏற்றதில்லை.

பெரிய புட்டி வாங்கும் முன் சிறு குப்பியில் கொஞ்சம் கேட்டு வாங்குங்கள். உங்கள் தாளில் இரண்டு பட்டை பூசி, மையின் பெயரையும் இன்றைய தேதியையும் பென்சிலால் எழுதுங்கள். தாளின் ஒரு பாதியை அலுமினியத் தாளால் மூடி, வெயில் விழும் ஜன்னல் கண்ணாடியில் ஒட்டிவிடுங்கள். மூன்று மாதம் கழித்து மூடியதைப் பிரித்து, இரண்டு பாதிகளையும் பகல் வெளிச்சத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.